இடப்பெயர்வும் சமயப் பூசலும்: சங்கரன்கோவில் – கழுகுமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உள்நாட்டு இடப்பெயர்வு சமயப் பூசலுக்குக் காரணமாகிறது என்னும் கருத்து பொதுவெளியில் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. வந்தவர்களால் அமைதி குலைகிறது என்பதே அதன் உட்பொருள். சங்கரன்கோவிலை நடுவாகக் கொண்ட வட்டாரத்தில் நிகழ்ந்த இடப்பெயர்வுகளையும், 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலகம், 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கொள்ளை ஆகிய நிகழ்வுகளையும் ஒப்புநோக்கி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'அஞ்ஞாடி', சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் 'காவடிச்சிந்து' ஆகியவை இலக்கியச் சான்றுகளாக அமைகின்றன. பெயர்ந்து வந்தமை பூசலை விளைவிக்கவில்லை. பெயர்ந்து வந்து உயர்ந்தோர்க்குப் பொது இடத்தில் உரிமை மறுக்கப்பட்டபோதே பூசல் எழுந்தது. அப்பூசல் தனக்குரிய மொழியைச் சமயத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச் சொற்கள்

இடப்பெயர்வு, உள்குடி, பரகுடி, பேட்டை, உறவின்முறை, தேர்வீதி, கழுகுமலை, அஞ்ஞாடி.

1. முன்னுரை

2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள சங்கரன்கோவில், அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மேற்கே மலையடிவார நஞ்சையும் கிழக்கே கரிசல் புஞ்சையும் சந்திக்கும் இடைநிலம் இது. கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலையும் அதற்கப்பால் கோவில்பட்டியும், வடகிழக்கே சிவகாசியும் உள்ளன. மலைநாட்டுச் சரக்கும் கரிசல் பருத்தியும் கடற்கரை உப்பும் கருவாடும் வண்டிகளில் கடந்து சென்ற நிலப்பகுதி என்பதால், மக்கள் வந்து சேர்வதும் பிரிந்து செல்வதும் இங்குப் புதியன அல்ல.

சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு சமய வழக்கில் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்னும் இரு நாக மன்னர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என வாதிட்டனர் என்றும், கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவாகக் காண வேண்டினாள் என்றும், அதன் பயனாகச் சங்கரநாராயணர் காட்சி தந்தார் என்றும் அப்புராணம் கூறும். ஆடித்தபசுத் திருவிழா இந்நிகழ்வை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறது. சைவ வைணவப் பூசலைத் தீர்த்துவைத்த கதையைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில்தான், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தின் கொடிய வகுப்புக் கலவரங்கள் சில நிகழ்ந்தன. ஒரு வேற்றுமையைச் செரித்துக்கொண்ட சமூகம் வேறொன்றைச் செரிக்க இயலாது போனது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

2. கருதுகோளும் அணுகுமுறையும்

மைரன் வெய்னர் 1978இல் வெளியிட்ட 'மண்ணின் மைந்தர்' பற்றிய நூலில் அசாம், சோட்டாநாக்பூர், ஐதராபாத் ஆகிய பகுதிகளை ஆராய்ந்தார். புதியவர்கள் பெற்ற இடத்தையே உள்ளூரில் புதிதாக உருவாகும் பிரிவினரும் நாடும்போது மோதல் பிறக்கிறது என்பது அவர் ஆய்வின் சாரம். இது வேலைவாய்ப்பை மையமாகக் கொண்ட விளக்கம். 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமைக்கு இது முழுமையாகப் பொருந்தாது. நாடார் வணிகர் நடத்திய தொழிலைத் தமக்கு வேண்டும் என்று மறவரோ ஜமீன்தாரோ கேட்கவில்லை. போட்டி தொழிலில் இல்லை. தெருவிலும் கோயில் வாசலிலும் இருந்தது.

எனவே இக்கட்டுரை பின்வரும் கருதுகோளை முன்வைக்கிறது: இடப்பெயர்வு மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலாவது குடியேற்றம், இரண்டாவது பொருள்நிலை உயர்வு, மூன்றாவது பொது இடத்தில் மதிப்புக் கோருதல். முதல் இரண்டு நிலைகளில் உரசல்கள் இருப்பினும் அவை தனித்தனி வழக்குகளாகவே முடிகின்றன. மூன்றாம் நிலையில் மறுப்பு நேரும்போதே அவை வகுப்புப் பூசலாகத் திரள்கின்றன. வரலாற்று நூல்களின் செய்திகளும் வட்டாரப் புனைகதைகளும் இங்கு ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. ராபர்ட் ஹார்ட்கிரேவின் தமிழ்நாட்டு நாடார்கள் பற்றிய நூலும் (1969), டேவிட் லட்டனின் திருநெல்வேலி வேளாண் வரலாறும் (1985) வரலாற்றுப் பின்புலத்திற்குத் துணையாகின்றன.

3. வந்தவர், இருந்தவர்: சொல்லும் பொருளும்

தமிழ் மரபில் இடப்பெயர்வு இழிவாகக் கருதப்படவில்லை. பொருள்வயிற் பிரிவு அகத்திணையின் இன்றியமையாத கூறு. 'மொழிபெயர் தேயம்' என்பது சங்கப் பாடல்களில் பயின்றுவரும் தொடர். பல மொழி பேசுவோர் கலந்து இனிது உறைந்த பட்டினமாகப் புகாரைப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் காட்டுகின்றன. வேற்றுமொழியினர் உடன் உறைதல் அந்நகரின் பெருமையாகவே அங்குப் பேசப்படுகிறது.

பிற்கால வருவாய் ஆவணங்களில் இந்நோக்கு மாறுகிறது. 'உள்குடி', 'பரகுடி' என்னும் இரு சொற்கள் நிலவுரிமை வழக்கில் நிலைபெற்றன. ஊரிலேயே இருந்து நிலைத்த உரிமையோடு உழுபவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து உழுபவர் பரகுடி. இப்பாகுபாடு வந்த காலத்தைக் குறிப்பதுபோல் தோன்றினும், நடைமுறையில் உரிமையின் அளவையே குறித்தது. பல தலைமுறை இருந்தும் பரகுடியாகவே நின்றவர் உண்டு. இன்றைய 'வந்தேறி', 'வெளியூர்க்காரர்' போன்ற வசைச்சொற்களும் இதே இயல்பின. அவை எவ்வளவு காலத்துக்கு முன் வந்தார் என்பதைக் கணக்கிடுவதில்லை. வந்தவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையே சொல்கின்றன.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிறந்த இடத்தையும், 1971 முதல் கடைசியாக வாழ்ந்த இடத்தையும் கொண்டு இடம்பெயர்ந்தோரை வரையறுக்கிறது. அவ்வரையறையில் திருமணமாகி அடுத்த ஊருக்குச் செல்லும் பெண்ணும் இடம்பெயர்ந்தவரே. ஆனால் எந்த ஊரும் அவரை 'வந்தேறி' என்பதில்லை. கணக்கெடுப்பின் பொருளும் வழக்கின் பொருளும் வேறுபடும் இவ்விடைவெளியில்தான் சமூகத்தின் மனம் வெளிப்படுகிறது.

4. வட்டாரத்தின் மூன்று இடப்பெயர்வுகள்

4.1 மறவர்

திருநெல்வேலியின் மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர் தலைமையில் அமைந்தவை. நெற்கட்டும்செவல், ஊற்றுமலை, சிவகிரி முதலியன சங்கரன்கோவிலைச் சூழ உள்ளவை. இம்மரபினர் பலரின் முன்னோர் இராமநாதபுரச் சீமையிலிருந்து மேற்கு நோக்கி வந்தனர் என்பது வழிவழிச் செய்தி. காவல் உரிமை இவர்களுக்கு ஊர்களில் நிலைத்த இடத்தைத் தந்தது. ஆங்கில ஆட்சி பாளையங்களை ஒடுக்கியபின் அந்தக் காவல் உரிமை மெல்லத் தளர்ந்தது. வருவாயும் மதிப்பும் ஒருசேரக் குறைந்த ஒரு சமூகத்தின் ஆற்றாமை, பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

4.2 தெலுங்கு வழிக் குடிகள்

விசயநகர, நாயக்கர் காலங்களில் கம்பளத்து நாயக்கர், கம்மவார், ரெட்டியார் முதலிய தெலுங்கு வழிக் குடிகள் கரிசல் நிலத்தில் குடியேறினர். நெல் விளையும் ஆற்றங்கரைகளில் பழங்குடிகளின் உரிமை இறுகியிருந்தது. மானாவாரிக் கரிசல் ஆளற்றுக் கிடந்தது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய இக்குடிகள் பருத்தி விளைவித்து வேரூன்றின. கிழக்குப் பாளையங்களின் தலைமையும் இவர்களிடம் இருந்தது. எட்டயபுரம் அரசகுடும்பமும் தெலுங்கு வழியினரே. மொழியால் வேறுபட்ட இவர்கள் குடியேற்றம் சமயப் பூசலாக மாறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

4.3 நாடார் வணிகர்

திருச்செந்தூர்ப் பகுதித் தேரிக்காடுகளில் பனைத்தொழில் செய்து வாழ்ந்த நாடார் சமூகத்தினரில் ஒரு பிரிவினர், 19ஆம் நூற்றாண்டில் வடக்கு நோக்கி வணிகம் பொருட்டுப் பெயர்ந்தனர். 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் வழிப்பயணம் ஓரளவு அச்சமற்றதானது இதற்கு வாய்ப்பளித்தது. கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்ற இவர்கள் வழியிடங்களில் 'பேட்டை' அமைத்தனர். சரக்கையும் மாடுகளையும் காக்க மதில் சூழ்ந்த அவ்விடங்களே பின்னர்க் குடியிருப்புகளாயின. சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் இவர்கள் வலுவாக வேரூன்றினர்.

பேட்டையை நடத்திய அமைப்பு 'உறவின்முறை'. வணிகர் ஒவ்வொருவரும் சரக்கின் அளவுக்கேற்ப 'மகமை' செலுத்தினர். அப்பணத்தில் கிணறு, சத்திரம், கோயில், பின்னர்ப் பள்ளிக்கூடம் ஆகியவை அமைந்தன. பெயர்ந்து சென்ற இடத்தில் அரசின் துணையோ நிலவுடைமையோ இன்றித் தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஒரு சமூகம் கண்ட அரிய ஏற்பாடு இது.

இப்பிரிவினரின் சமய வரலாறும் தனித்தன்மையுடையது. தெற்கே பனங்காட்டு ஊர்களில் கால்டுவெல் முதலியோர் பணியாற்றிய காலத்தில் நாடார் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். வடக்கே பெயர்ந்த வணிகரோ பெரும்பாலும் இந்து சமயத்திலேயே நின்றனர். சத்திரியர் என்னும் மதிப்பைக் கோரினர். அவர்கள் விரும்பியது வேறு சமயத்தை அன்று. தம் சமயத்தின் கோயிலுக்குள் ஓர் இடத்தை. இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் கழுகுமலை நிகழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

5. கழுகுமலை, 1895

கழுகுமலை பல சமயங்களின் தடம் பதிந்த இடம். பாண்டியர் காலச் சமணச் சிற்பங்களும், ஒற்றைப் பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலும், கழுகாசலமூர்த்தி குடிகொண்ட முருகன் கோயிலும் ஒரே குன்றைச் சார்ந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் முருகன் கோயில் எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது.

கழுகுமலையில் வணிகத்தால் உயர்ந்த நாடார்கள், தம் ஊர்வலங்கள் தேர்வீதிகள் வழியே செல்ல உரிமை கோரினர். ஜமீன் மறுத்தது, வழக்கு நடந்தது, நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. இதன்பின் அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கக் கிறித்தவம் தழுவினர். தேர்வீதியில் இருந்த கட்டடம் ஒன்று வழிபாட்டிடமாயிற்று. 1895இல் பங்குனித் திருவிழாவின்போது, அதன்முன் இருந்த பந்தல் தேரின் போக்கிற்குத் தடையாக உள்ளது என்று எழுந்த வாக்குவாதம் கலவரமாக முற்றியது. ஜமீன் தரப்பின் மேலாளர் உட்பட இரு தரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன, வீடுகள் எரிக்கப்பட்டன.

மேலோட்டமாகக் காண்போர்க்கு இது இந்து – கிறித்தவப் பூசல். தேர் ஒரு பக்கம், சிற்றாலயம் மறுபக்கம். ஆயின் நிகழ்வுகளின் வரிசையைக் கூர்ந்து நோக்கினால் வேறு உண்மை புலப்படும். முதலில் வீதி கோரப்பட்டது. பின்னர் நீதிமன்றம் நாடப்பட்டது. அதன் பின்னரே சமயம் மாறியது. இறுதியில் வன்முறை நிகழ்ந்தது. சமயமாற்றம் பூசலின் தொடக்கம் அன்று. பிற வழிகள் அடைபட்டபின் எஞ்சிய வழி. இந்துவாக நடக்க இயலாத வீதியில் கிறித்தவராக நிற்க முயன்றனர். சமயம் இங்கு வீதிக்குள் நுழையும் வாயிலாக அமைந்தது. இவ்வாறு கூறுவது மாறியோரின் நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது. எந்தச் சூழலில் அந்த நம்பிக்கை பொது நிகழ்வாக உருவெடுத்தது என்பதைச் சுட்டுவதே ஆகும்.

மற்றொன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. வீதியை மறுத்த ஜமீன் குடும்பமும் ஒரு காலத்தில் வேற்றுமொழி நிலத்திலிருந்து பெயர்ந்து வந்ததே. மறுக்கப்பட்ட வணிகரோ அதே மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து வந்தவர், தமிழையே பேசியவர், அதே முருகனை வணங்கியவர். தொலைவாலும் மொழியாலும் அளந்தால் 'வந்தவர்' யார், 'இருந்தவர்' யார் என்பது தலைகீழாகும். அளவுகோல் தொலைவன்று, சாதிப்படிநிலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

6. கமுதியும் சிவகாசியும்

கழுகுமலை தனித்த நிகழ்வன்று. 1870களிலேயே மதுரையிலும் திருத்தங்கலிலும் கோயில் நுழைவு பற்றிய வழக்குகள் எழுந்திருந்தன. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் அறங்காவல் உரிமை உடைய இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. மதுரைச் சார்பு நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து அது இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது; 1908இல் அங்கும் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே அமைந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 1899இல் திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களின் பல ஊர்களில் தாக்குதல்கள் தொடர்ந்தன. சிவகாசி விசுவநாத சுவாமி கோயில் பற்றிய பூசல் முற்றி, ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவ்வூரைத் தாக்கினர். பேட்டையின் உறவின்முறை அங்கு எதிர்நின்று காத்தது. ஜூலையில்தான் அமைதி திரும்பியது.

இந்நிகழ்வுக்கு வழங்கும் பெயர்கள் கருதத்தக்கன. அரசுப் பதிவுகள் அதனைக் 'கலவரம்' என்றன. தாக்கப்பட்டோரின் நினைவில் அது 'சிவகாசிக் கொள்ளை'. கலவரம் என்பது இரு தரப்பும் இணையாக நின்றதான தோற்றத்தைத் தரும். கொள்ளை என்பதோ ஒருவர் ஈட்டியதை மற்றவர் பறித்த செயலைக் குறிக்கும். பெயர்ந்து வந்தவரின் சேமிப்பே தாக்குதலின் இலக்கு என்பதை மக்கள் வழக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறது. கழுகுமலையில் இரு சமயங்கள் எதிர்நின்றன. சிவகாசியில் இரு தரப்பும் ஒரே சமயத்தவர். ஆயினும் நான்கு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டிற்கும் அடித்தளம் ஒன்றே. சமய வேறுபாடு இல்லாதபோதும் பூசல் நிகழ்ந்தது என்பதால், சமய வேறுபாட்டை அதன் மூலகாரணமாகக் கொள்ள இயலாது என்பது பெறப்படுகிறது.

7. இலக்கியப் பதிவுகள்

7.1 கோபல்ல கிராமம்

1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்', தெலுங்கு பேசும் கம்மவார் குடும்பங்கள் தெற்கே வந்து கரிசலில் ஊர் அமைத்த வரலாற்றை மங்கத்தாயாரு என்னும் முதியவளின் வாய்மொழியாகச் சொல்கிறது. பெயர்வுக்குக் காரணம் அச்சம். குடும்பத்தின் அழகிய பெண் சென்னாதேவியை முசுலிம் அரசன் ஒருவன் விரும்பியதால் இரவோடிரவாகப் புறப்படுகின்றனர்; வழியில் தெய்வத் துணை கிட்டுகிறது; இறுதியில் காட்டை எரித்து நிலமாக்குகின்றனர். தெலுங்கு வழிச் சமூகங்கள் பலவற்றில் இத்தகைய தோற்றக் கதை வழங்குகிறது.

இடப்பெயர்வு நினைவிலேயே சமய அச்சம் பொதிந்துள்ளதை இக்கதை காட்டுகிறது. ஆயினும் அந்நினைவு புதிய நிலத்தில் அண்டையில் வாழும் முசுலிம்கள் மீதான பகையாக நாவலில் வளரவில்லை. ஆளற்ற நிலத்தில் தாமே ஊர் அமைத்தோர்க்கு வீதியைக் கேட்டுப் பெறவேண்டிய தேவை எழவில்லை. மதிப்பு மறுக்கப்படாதவரிடத்துப் பழைய அச்சம் கதையாகவே தங்கிவிடுகிறது. அதனைப் பகையாக்கப் புதிய மறுப்பு ஒன்று வேண்டும்.

7.2 அஞ்ஞாடி

2012இல் வெளிவந்து 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற பூமணியின் 'அஞ்ஞாடி', கலிங்கல் என்னும் ஊரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வாழ்வை விரிக்கிறது. ஆவணங்களையும் வாய்மொழி வழக்குகளையும் திரட்டி எழுதப்பட்ட இந்நாவலில் கழுகுமலைக் கலகமும் சிவகாசிக் கொள்ளையும் பெரும்பகுதிகளாக இடம்பெறுகின்றன.

நாவலின் தொடக்கத்தில் ஆண்டி, மாரி என்னும் இருவரின் நட்பே பேசப்படுகிறது; ஒருவர் உழவர், மற்றவர் வெளுப்பவர். சாதி வேறுபட்ட இருவர் காட்டிலும் மேட்டிலும் உடன் திரியும் வாழ்வை நெடிது காட்டியபின்னரே நாவல் கலகங்களுக்கு வருகிறது. இவ்வமைப்பு ஆய்வுக்குரியது. வரலாற்று நூலில் கலகம் முதன்மை. அதற்கு முன்னைய வாழ்வு பின்புலம். நாவலிலோ வாழ்வு முதன்மை. கலகம் அதன் நடுவே நேர்ந்த முறிவு. கலகத்தை மட்டும் பதிவு செய்யும் ஆவணம், பகை எப்போதும் இருந்தது என்னும் எண்ணத்தை வாசகரிடம் விதைக்கும். இணைந்து வாழ்ந்த நெடுங்காலத்தையும் சேர்த்துச் சொல்லும் புனைவு, அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. வட்டார வரலாற்றாய்வுக்குப் புனைகதை சான்றாகும் முறை இதுவே.

7.3 காவடிச்சிந்து

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்றவர் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட அவருடைய 'காவடிச்சிந்து' இசைத்தமிழின் தனிப்பெருஞ்சொத்து. கலகத்திற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் மறைந்தார். தெலுங்கு வழிக் குடியில் பிறந்தவர், மறவர் குல ஜமீன்தாரின் அவையில், நடைவழி மக்கள் பாடும் சிந்து யாப்பில், கழுகுமலையைப் பாடினார். இரு வேறு இடப்பெயர்வு மரபுகள் ஒரு தமிழ்ப் பனுவலில் கூடியதற்கு இது சான்று. காவடி சுமந்தோர் சென்று சேர்ந்த அதே ஊரின் தேர்வீதியில் சில ஆண்டுகளில் குருதி சிந்தியது. பக்தி எல்லோரையும் ஊருக்கு அழைத்தது. வீதியோ எல்லோருக்கும் திறக்கவில்லை.

8. மீனாட்சிபுரமும் பின்னைய நிகழ்வுகளும்

1981 பிப்ரவரி 19 அன்று, இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சார்ந்த மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் பெருந்தொகையாக இசுலாம் தழுவின. நாடு முழுவதும் விவாதம் எழுந்தது; தேசியத் தலைவர்கள் அவ்வூருக்கு வந்தனர். அயல்நாட்டு வேலைக்குச் சென்றோர் ஈட்டிய வளைகுடாப் பணமே காரணம் என்னும் விளக்கம் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மாறியோர் சுட்டிய காரணமோ அன்றாடச் சாதி இழிவு. இங்கு இடப்பெயர்வு நிகழ்வின் காரணமாக அன்றி, நிகழ்வுக்குக் கற்பிக்கப்பட்ட விளக்கமாகவே வருகிறது. உள்ளூர் மறுப்பை ஒப்புக்கொள்ள விரும்பாத சமூகம், காரணத்தை வெளியே தேடுகிறது. 'வெளியிலிருந்து வந்தது' என்னும் சொல்லாடல் ஆளுக்கு மட்டுமன்றிப் பணத்துக்கும் பொருந்துவதாயிற்று.

2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகார், சார்க்கண்ட் அரசுகள் குழுக்களை அனுப்பி நிலைமையை அறிந்தன. வதந்தி பரப்பியோர் மீது தமிழகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அது சமயப் பூசல் அன்று. ஆயினும் இடம்பெயர்ந்தோரைச் சுற்றி அச்சத்தை எளிதில் உருவாக்கலாம் என்பதையும், உண்மை நிலையை உரிய காலத்தில் அறிவித்தால் அவ்வச்சத்தைத் தணிக்கலாம் என்பதையும் அது ஒருங்கே காட்டியது.

9. இணக்கத்திற்குரிய அமைப்புகள்

இந்து – முசுலிம் கலவரங்களை நகரவாரியாக ஒப்பிட்ட அசுதோஷ் வர்ஷ்ணே (2002), இரு சமூகத்தாரும் சேர்ந்து இயங்கும் சங்கங்கள் உள்ள நகரங்களில் வதந்தி கலவரமாக மாறுவது குறைவு என்று காட்டினார். ஒரே சமூகத்துக்குள் மட்டும் இயங்கும் அமைப்புகள் அப்பயனைத் தருவதில்லை. இக்கருத்தை உறவின்முறையோடு பொருத்திக் காணலாம். உறவின்முறை தன் உறுப்பினரைக் காத்தது, கல்வி தந்தது, மூலதனம் திரட்டியது. ஆனால் அது இயல்பிலேயே ஒரு சாதிக்குள் அமைந்தது. பேட்டையின் மதில் கள்வரைத் தடுத்தது. அண்டை வீட்டாரோடு பேசும் வாசலாக அது அமையவில்லை. எதிர்ப்புறத்தில் ஜமீனின் கோயில் ஆட்சியும் அவ்வாறே ஒரு தரப்பின் கையில் இருந்தது. இரு தரப்பும் கூடிப் பேசும் மன்றம் எதுவும் இல்லாத நிலையில், நீதிமன்றம் ஒன்றே எஞ்சியது. நீதிமன்றமோ 'வழக்கம்' எதுவெனக் கேட்டது. வழக்கம் என்பது முன்பே இருந்தோரின் நினைவு. வந்தவருக்கு அங்கு வழக்கம் இருத்தல் இயலாது. இவ்வகையில் சட்டமும் அறியாமலே உள்குடியின் பக்கம் நின்றது.

நிலைமையை மாற்றியது வழக்கத்தைக் கடந்த சட்டமே. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் நுழைந்தனர். அவ்வாண்டே அதற்குக் காப்பளிக்கும் சட்டமும், 1947இல் மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டமும் வந்தன. வீதியும் வாசலும் திறந்தபின், நாடார் வணிகரின் வரவு இவ்வட்டாரத்தில் சமயப் பூசலாகப் பேசப்படும் நிலை மறைந்தது. குடியேறியோர் மாறவில்லை, அவர்கள் சமயமும் மாறவில்லை, மாறியது பொது இடத்தின் விதியே. இக்கட்டுரையின் கருதுகோளுக்கு இது வலுவான சான்று.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சங்கரன்கோவில் – கழுகுமலை வட்டாரத்தில் வரலாற்றின் பல காலங்களில் இடப்பெயர்வுகள் நிகழ்ந்தன. அவற்றுள் மொழியாலும் தொலைவாலும் மிகுதியும் வேறுபட்ட தெலுங்கு வழிக் குடிகளின் வரவு பூசலாக மாறவில்லை. அதே மாவட்டத்திலிருந்து வந்த, அதே மொழியும் சமயமும் உடைய நாடார் வணிகரின் வரவே பூசலாயிற்று. ஆதலின் அயன்மை பூசலின் காரணம் அன்று.

2. 'வந்தவர்', 'இருந்தவர்' என்னும் பாகுபாடு காலக்கணக்கு அன்று, படிநிலைக் கணக்கு. உள்குடி, பரகுடி என்னும் பழஞ்சொற்களும் இன்றைய வசைச்சொற்களும் இதனைக் காட்டுகின்றன.

3. கழுகுமலையில் சமயமாற்றம் வீதி மறுப்புக்குப் பின் நிகழ்ந்தது. சிவகாசியில் சமய வேறுபாடின்றியே தாக்குதல் நிகழ்ந்தது. இரண்டையும் இணைத்து நோக்கினால், சமயம் பூசலின் வேராக அன்றி அதன் மொழியாக அமைந்தமை விளங்கும்.

4. 'அஞ்ஞாடி', 'கோபல்ல கிராமம்' ஆகிய புனைகதைகள், கலகத்தை மட்டும் காட்டும் ஆவணங்கள் விட்டுவிடும் இணக்க வாழ்வையும் இடப்பெயர்வு நினைவையும் பதிவு செய்கின்றன.

5. பொது இடத்தின் உரிமை சட்டத்தால் திறக்கப்பட்டபின் பூசல் தணிந்தமை, தீர்வு எங்குள்ளது என்பதைச் சுட்டுகிறது.

இன்று தமிழகத்தின் தொழிற்கூடங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பெருகி வருகின்றனர். அவர்கள் இன்னும் குடியேற்றம் என்னும் முதல் நிலையிலேயே உள்ளனர். நாளை அவர்களின் பிள்ளைகள் இங்குப் பயின்று, கடை வைத்து, வீடு வாங்கி, தம் விழாவை நம் தெருவில் நடத்த இடம் கேட்கும் நாள் வரும். அந்நாளில் எழக்கூடிய வினாவுக்கு விடை வந்தவரின் சமயத்தில் இல்லை. தெருவை யாருடையதாக நாம் கருதுகிறோம் என்பதில் உள்ளது. கழுகுமலைத் தேர்வீதி அதற்குரிய பாடத்தை 1895இலேயே கற்பித்துவிட்டது.